வலப்பக்கப் பலகை

லாரியில் மூட்டை அடுக்கியே முதுகு வளைந்தவருக்கு ஒரு வாடகைப் படகை நேராக ஓட்ட முடியவில்லை. கரையிலிருந்து கிளம்பும்போது ஒழுங்காகத்தான் இருந்தது. ஏரி நடுவில் துடுப்பை நிறுத்திக் கொஞ்சம் மூச்சு வாங்கினார். அதற்குப் பிறகுதான் படகு வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. லீவுக்குப் பேரப்பிள்ளைகளை மகள் முதல்முறையாக நம்பி அனுப்பியிருக்கிறாள். தண்ணீரோ விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போனது. அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"பெரியவனே, இந்தப் பக்கம் வா. சின்னவளே, நீயும்தான்."

"இப்பத்தானே தாத்தா அங்க உக்காரச் சொன்னீங்க?"

"மூட்டைக்கு வாய் கிடையாது, அதான் இத்தனை வருசம் அடுக்கிட்டாரு," என்றாள் மனைவி.

"நீயும் எந்திரிச்சு இங்க வாடி!"

கடைசியில் மூவரும் இடப்பக்கமே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வலப்பக்கப் பலகை காலியாகக் கிடந்தது. படகு நேராக நின்றது. நடுவில் இருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டார்.

கரை வந்ததும் பிள்ளைகளைத் தூக்கி இறக்கினார். மனைவி இறங்கினாள். அவரும் இறங்கித் திரும்பினார். வெறும் படகு வலப்பக்கம் சாய்ந்தபடியே இருந்தது.

பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை. "உனக்கு வேற தனியாச் சொல்லணுமா? இறங்கு!"

படகு மெல்ல நிமிர்ந்தது. படகுத்துறையின் குறுகலான மரப்பாதையில் முன்னால் போய்க்கொண்டிருந்த சின்னவள், ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.