பன்னிரண்டு அடி ஒயர்

“இரையுது.”

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். கிதார் ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஒட்டியிருந்த அந்தத் துண்டுக் காகிதத்தை ஆம்ப்காரன் மூன்று முறை படித்தான். ஐந்து நாளில் பெண்டாட்டியிடமிருந்து வந்த மிக நீளமான பேச்சு அது.

மற்ற நாலு நாளும் அதுகூட இல்லை. தட்டு வைக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், அதோடு சரி.

தப்பு அவன் வாயில்தான். கிதார் வாசிப்பவள் அவள். பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்து ஆம்ப் செய்து கொடுப்பவன் அவன். வீட்டு முன்னறைதான் பட்டறை. வந்திருந்த ஒருவர், “உங்க வீட்டம்மா என்னமா வாசிக்கிறாங்க!” என்று வியந்துபோனார். “எல்லாம் என் ஆம்ப் பண்ற வேலை” என்று இவன் சொல்லித் தொலைத்தான்.

அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கேட்கவா வேண்டும்!

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் கிதாரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இனி பேசவே மாட்டாளோ என்று அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

ஆம்ப்பைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினான். காரணம் கண்ணில் அறைந்தது.

வால்வுகளைச் சூடாக்குகிற ஹீட்டர் ஒயர்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தன. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓட வேண்டியவை அவை. அப்போதுதான் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று அடக்கும். பிரிந்து கிடந்தால் இரண்டும் சேர்ந்து ஸ்பீக்கரில் போய்ப் புலம்பும்.

ஈயம் வேறு அவரைக்கொட்டை அளவுக்குத் திரண்டிருந்தது. சே, எந்தத் தூக்கக் கலக்கத்தில் இதைப் பற்றவைத்தோம் என்று தலையில் குட்டிக்கொண்டான்.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி இரையாமல் இருந்தது? அதையெல்லாம் அவன் யோசிக்கவில்லை. அதற்குள் வேறொரு யோசனை உதித்துவிட்டது.

ஒயர் முறுக்க ரெண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரில்லில் முனையை மாட்டிச் சுற்ற, இன்னொருவர் மறுமுனையைக் குறடால் கவ்வி இழுத்துப் பிடிக்க வேண்டும்.

மேசை டிராயரை முழங்காலால் தள்ளி மூடினான். ஒயர் சுருளைப் பிரித்தான். வேலைக்கு ஒரு முழம் தாராளம். அவன் வெட்டியதோ பச்சையில் பன்னிரண்டு அடி, மஞ்சளில் பன்னிரண்டு அடி. சிந்திய ஈயத்தைக்கூட வழித்து டப்பாவில் போடுகிற மகா கஞ்சன்!

“யாராவது இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சா நல்லா இருக்கும்” என்றான், சுவரைப் பார்த்து.

“கூப்பிடற மாதிரி கூப்பிட்டா யாராவது வருவாங்க” என்றாள் உள்ளறை வாசலில் நின்றிருந்த அவள், ஜன்னலைப் பார்த்து.

சொல்லிவிட்டு வந்தும் விட்டாள்.

அறையின் அந்தக் கோடியில் நின்று குறடை இடக்கையால் பிடித்தாள். வலக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஓஹோ, கோபம் பாதிதான் தீர்ந்திருக்கிறது, அதனால்தான் ஒற்றைக் கை என்று நினைத்துக்கொண்டான்.

டிரில் சுழன்றது. பச்சையும் மஞ்சளும் பின்ன ஆரம்பித்தன.

முறுக முறுக ஒயர் குட்டையாகும். பிடித்திருப்பவர் முன்னால் வந்தே தீர வேண்டும். அவள் அரையடி வந்தாள். இன்னும் கொஞ்சம் சுற்றினான். இன்னும் அரையடி. தேவைக்கு மேல் முறுக்குகிறோம் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் விரல் பொத்தானை விடவில்லை.

“போதுங்க, அறுந்துடப் போவுது!”

ஜன்னலிடம் இல்லை, அவனிடமே சொன்னாள்! அவனுக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஒரு முழம் நறுக்கிப் பற்றவைத்து சுவிட்சைப் போட்டான். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரில் காதை வைத்தார்கள். பொட்டுச் சத்தம் இல்லை.

“அன்னிக்கு நான் பேசினது தப்பு. இது வெறும் பொட்டி. வாசிக்கிறது நீதான்.”

அவள் கிதாரை மாட்டிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான், அவளும் சிரித்தாள். ஐந்து நாள் பாரம் ஒரே நிமிஷத்தில் இறங்கிப்போனது.

அப்போதுதான் கவனித்தான். விரலிடுக்கில் கவ்வி மீட்டுகிற ‘பிக்’ வில்லை இல்லாமல் கிதாரைத் தொடாதவள் கட்டைவிரலால் வாசித்துக்கொண்டிருந்தாள்.

வலக்கையைப் பிடித்துத் திருப்பினான். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அதன் ஓரத்தில் சூட்டுக் கொப்புளம். சால்டரிங் இரும்பை முதன்முதலாகத் தொடுகிறவர்கள் எல்லோரும் சுட்டுக்கொள்கிற அதே இடம்.

அவரைக்கொட்டை ஈயம் ஞாபகத்துக்கு வந்தது.

“அடிப்பாவி! ஷாக் அடிச்சிருந்தா?”

“பிளக்கைப் பிடுங்கி, உங்களை மாதிரியே மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் தொட்டேன். நானா வந்து பேசணுமாக்கும்?”

அவனுக்குத் திட்டவும் வந்தது, கொஞ்சவும் வந்தது. களிம்பு போட வேண்டுமே என்று மேசைப் பக்கம் பாய்ந்தவன், டிராயரில் கை வைத்ததும் சிலைபோல் நின்றான்.

களிம்பு அதற்குள்தான் இருந்தது. கூடவே, போன மாதம் மெனக்கெட்டு முறுக்கி, முழம் முழமாக நறுக்கி, நூல் கட்டி அடுக்கி வைத்த ஹீட்டர் ஒயர் நாற்பது கட்டும் இருந்தன.

“சும்மா திறங்க” என்றாள் அவள். “பிளாஸ்திரியை நான் எங்கேருந்து எடுத்தேனாம்?”