எவன் செஞ்ச பெட்டி?

புத்தூரில் கார்களுக்கு சப்-ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி செய்வதில் முனிரத்தினத்தை மிஞ்ச ஆளில்லை. அந்த நினைப்பு அவருக்கும் நிறையவே உண்டு.

நகரியிலிருந்து வந்த தரணி, தன் பழைய காரின் டிக்கியைத் திறந்து காட்டினாள்.

"பாட்டு போட்டா வெறும் எரைச்சலா கேக்குதுண்ணா. பேஸ் சரியா வரல."

பெட்டியை விரலால் தட்டி, காற்று வெளியேறும் குழாய்க்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார் முனிரத்தினம். "எவன் செஞ்சான் இத? கோழிக்கூண்டு அடிக்கிறவனா?"

"என்ன தப்புண்ணா?"

"எது சரின்னு கேளு. பன்னெண்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு உள்ள ரெண்டு கன அடி காத்து வேணும். ஸ்பீக்கரும் குழாயும் அடைக்கிற எடத்தக் கழிச்சிட்டுக் கணக்குப் போடணும். இந்தக் கழுத கழிக்கவே இல்ல."

"குழாய் சரியா இருக்குதாண்ணா?"

"எங்க சரியா இருக்குது? இன்னும் நாலு இஞ்ச் நீளம் வேணும். பலகையும் மெலிசு, அதிர்ந்துகினே கெடக்கும். முக்கால் இஞ்ச் எம்டிஎஃப் பலகை போட்டு, நடுவுல குறுக்குச் சட்டம் குடுக்கணும். இதெல்லாம் அந்த மூஞ்சிக்கு எங்க தெரியப் போவுது!"

அவள் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

"எழுதி இன்னாம்மா பண்ணப் போற? பெட்டிய எறக்கு. நான் புதுசா செஞ்சு தரேன்."

"வேணாண்ணா, நானே செஞ்சிக்கிறேன்."

"நீயா?"

"இதுவும் நான் செஞ்சதுதாண்ணா." தரணி டிக்கியை மூடினாள். "போன மாசம் போன் பண்ணி, தொழில் கத்துக்குடுங்கன்னு கேட்டேன். பொம்பளைக்கு ஒரு வார்த்தகூட சொல்லித் தரமாட்டேன்னு போன வெச்சிட்டீங்க. அதான், நேர்ல வந்து திட்டு வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."