நான்கு சுவர்களுக்குள்

குழந்தையின் தலை வெளியே வந்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது.

"சத்தம் வந்துச்சா?" என்று வாரின் கேட்டான்.

"இன்னும் தோளே வரல. இங்க என்ன வெண்ணெயா கடையறோம், கேட்டதும் திரண்டு வர?" என்றாள் மருத்துவச்சி மாபல். பிறகு குரலைத் தாழ்த்தி, கட்டிலில் கிடந்த அவிஸிடம், "எந்தப் புருஷன் தாயி இப்படி வாசல்லயே கிடப்பான்?" என்றாள்.

சொல்லும்போது அவள் உதடு கோணியது. அவிஸுக்குப் புரிந்தது.

வாசலில் வாரினோடு இரண்டு பேர் நின்றார்கள். மாவு ஆலைக்காரர், பக்கத்து நிலக்காரர். பிள்ளை அழுதது என்று நாளை நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய ஆண்கள்தான் வேண்டும். உள்ளே இருக்கும் பெண்கள் கேட்டது செல்லாது.

எல்மர்ஸ்டன் என்பது அவிஸின் அப்பா அவளுக்கு விட்டுப்போன நிலம். வயல், மேய்ச்சல், மீன்குளம், குளத்தைத் தாண்டிக் காடு. அவிஸ் பிள்ளையில்லாமல் செத்தால் எல்லாம் அவள் சித்தப்பாவுக்குப் போய்விடும். பிள்ளை பிறந்து, நான்கு சுவர்களுக்குள் ஒரே ஒரு முறை அழுதுவிட்டால் போதும். அடுத்த நொடியே அது கண்ணை மூடினாலும், அதைப் பெற்றவள் கண்ணை மூடினாலும், வாரின் சாகும்வரை அந்த நிலம் அவன் கையில்.

சட்டம் அப்படி.

அந்த அழுகை கேட்கும்வரை அவள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவசியமில்லை.

வாரினின் முதல் மனைவி இசோல்டா இதே கட்டிலில்தான் படுத்திருந்தாள். பிள்ளை அழுதது. ஆண்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் சாயங்காலம்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அவிஸின் கல்யாணத்தன்று இந்தக் கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டே மாபல் அதைச் சொன்னாள். இசோல்டாவின் நிலத்துக் கோதுமையைத்தான் இந்த வீடு இன்றும் தின்கிறது.

குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பின்னாலேயே ரத்தம். நிற்காத ரத்தம். மாபலின் முகத்தைப் பார்த்தே அவிஸ் தெரிந்துகொண்டாள்.

"குடு."

அதன் வாய் திறப்பதற்குள் வாங்கி, முகத்தை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம்தான். வெளியே காத்திருக்கும் வைத்தியர் உள்ளே வந்து ரத்தத்தை நிறுத்தும்வரை. அப்புறம் அழட்டும். ஊரே கேட்கட்டும்.

அது உதைத்தது. சின்னக் குதிகால் அவள் விலாவில் பட்டது. மறுபடி பட்டது.

பிறகு படவில்லை.

"சத்தம் வந்துச்சா?"

"இல்ல," என்றாள் அவிஸ். "அழவே இல்ல. எனக்கு ரத்தம் நிக்கல."

கதவு தடாலென்று திறந்தது. ஆண்கள் காலெடுத்து வைக்காத அறைக்குள் வாரின் ஓடி வந்தான், நகரத்திலிருந்து வரவழைத்திருந்த வைத்தியரைச் சட்டைக் கையோடு பிடித்து இழுத்துக்கொண்டு. கட்டிலோரம் மண்டியிட்டு அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொதிந்துகொண்டான்.

"போயிடாத கண்ணு. நீ இருந்தா போதும். பிள்ளைய அப்புறம் பாத்துக்கலாம்."

அழுதான். நிஜக் கண்ணீர். அது எந்த வயலுக்கு, எந்தக் குளத்துக்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை கதகதப்பாக இருந்தது.

வைத்தியர் துணியைச் சுருட்டி வைத்து முழு பலத்தோடு அழுத்தினார். "அசையாதீங்கம்மா. இப்போ கைய எடுத்தா திரும்பக் கொட்டும். இப்படியே பிடிச்சிருந்தா பொழச்சுக்குவீங்க."

மாபல் குழந்தையை அவள் மார்பிலிருந்து பிரித்தெடுத்தாள். நீலம் பாரித்திருந்தது. தலையை ஆட்டினாள்.

அவிஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் என்றுதானே நினைத்தாள். கொஞ்ச நேரம் என்பது பிறந்த குழந்தைக்கு எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. மதிலுக்கு வெளியே, நாய் தோண்டும் மண்ணில்தான் புதைப்பார்கள். செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் பாவம். அந்த மதிலோரம் எத்தனையோ குழிகளைப் பார்த்தவள் மாபல். இன்று மனசு கேட்கவில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, ஜன்னலோரத்து ஜாடியில் உறைந்திருந்த பனிப்படலத்தை விரலால் உடைத்து, வாய்க்குள்ளேயே மந்திரம்போல அந்த வார்த்தைகளைச் சொல்லி, தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள்.

குழந்தை வெடுக்கென்று துள்ளியது.

வீறிட்டு அழுதது.

"கேட்டுச்சு!" என்றது வாசலில் ஒரு குரல்.

"எனக்கும்தான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்," என்றது இன்னொன்று.

அவிஸ் சிரித்துவிட்டாள். அடக்க முடியவில்லை. இருக்கிறது. உயிரோடு இருக்கிறது. அவள் கொல்லவில்லை. மார்பு கனத்துக் கூசியது. அந்த ஒரு கணம் அவளுக்கு வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை.

அவள் கையைப் பொதிந்திருந்த கைகளில் ஒன்று விலகியது. பிறகு மற்றதும்.

வாரின் எழுந்தான். முழங்காலில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டான். கண்களைத் துடைத்துக்கொண்டு, அழுத்திப் பிடித்தபடி குனிந்திருந்த வைத்தியரின் தோளை மரியாதையாகத் தொட்டான்.

"கீழ வாங்க ஐயா. சாப்பாடு ஆறுது."