எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. இந்த வாரம் உங்க வீட்டுலருந்து பழைய எண்ணெய் வரலை. எண்ணெய் தராத வீட்டு ஆளுக்கு பஸ் கதவு திறக்காது” என்றார் கண்டக்டர், ஜன்னல் வழியாக.

வீடுகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில்தான் திருச்செந்தூர் பஸ் ஓடியது. அது வந்து நின்றாலே நிறுத்தம் முழுக்க வடை வாசம் அடிக்கும்.

“எப்படிய்யா வரும்? என் வீட்டுக்காரரு செத்து மூணு நாள்கூட ஆகலை. துக்க வீட்டுல எவளாவது எண்ணெய்ச் சட்டி வைப்பாளா?” என்று செண்பகவடிவு கத்தினாள்.

“ரெண்டு அப்பளமாவது பொரிச்சிருக்கலாம்லா?”

“உன் வீட்டுல எழவு விழுந்தா உங்க அம்மா அப்பளம் பொரிப்பாளா? இந்தச் சட்டத்தைப் போட்டவன் வீட்டுல சாவே வராதா?”

உள்ளே யாரோ சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். கடலில் கரைக்கக் கொண்டுவந்த அஸ்திக் கலயத்தை அவள் ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

“சரி, நான் ஏறலை. போன வாரம் வரைக்கும் தவறாம எண்ணெய் ஊத்துன மனுசன் இவரு. இவரை மட்டுமாவது ஏத்திக்கிட்டுப் போயி கடல்ல விட்டுருதியா தம்பி?”