ஏன் திரும்பிப் போகிறீர்கள்?

காரணம் கேட்டது.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பழைய பதிப்புக்கே திரும்ப வேண்டும் என்று அவள் அழுத்தியதும், கம்ப்யூட்டர் முதலில் கேட்டது அதைத்தான். ஏன் திரும்பிப் போகிறீர்கள்? கீழே கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

மென்பொருள்கள் வேலை செய்யவில்லை.

பழையதுதான் சுலபமாக இருந்தது.

புதியது மெதுவாக ஓடுகிறது.

வேறு காரணம்.

அண்ணன் என்று ஒரு கட்டம் இல்லை.

மணி ஒன்பதே கால். இன்று பத்தாவது நாள். பத்து நாள்தான் கெடு. நாளைக்கு இந்தக் கேள்வியே வராது. அதற்கு மேல் பழையதற்குப் போக வழியில்லை.

யாரையும் கேட்காமல்தான் புதிய பதிப்பை ஏற்றினாள். சென்னையில் ஒரு கம்பெனி. வேலைக்கான முதல் சுற்றுத் தேர்வு. பழைய பதிப்பில் அந்தத் தேர்வு திறக்கவே திறக்காது. பிரௌசிங் சென்டரிலும் எழுதக் கூடாதாம். வீட்டில், தனி அறையில், கேமராவுக்கு முன்னால் உட்கார வேண்டுமாம்.

தனி அறையாம். இருப்பதே ஒரு அறை. அம்மாவையும் மிக்ஸியையும் வெளியே அனுப்பிவிட்டு எழுதினாள்.

நன்றாக எழுதினாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை அண்ணன் டிசைன் போட உட்கார்ந்தான். ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சங்கராபுரம் சுற்று வட்டாரத்துக்கே அவன்தான். அவனுடைய மென்பொருள் முறையாக வாங்கியது இல்லை. நண்பன் ஒருவன் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தது. நண்பன் இப்போது கத்தாரில்.

புதிய பதிப்பில் அது திறக்கவில்லை.

அண்ணன் கிளிக் செய்தான். மறுபடி செய்தான். பதினொரு முறை. அவள் எண்ணினாள்.

சரியாகிவிடுமா என்று மட்டும் கேட்டான். பத்து நாளுக்குள் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்றாள்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போனில் வருகிறவர்களிடம் சிஸ்டம் ரிப்பேர் என்கிறான். வண்டியைத் துடைக்கிறான். துடைத்த வண்டியை மறுபடி துடைக்கிறான்.

திட்டியிருந்தால் சுலபம். அவளும் திருப்பித் திட்டிவிட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பாள்.

பேசுவதெல்லாம் அம்மாதான். உனக்காகத்தான் அவன் படிப்பை விட்டான் என்கிறாள். தெருவில் எல்லோருக்கும் அந்தக் கதை மனப்பாடம். அவன் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை ஃபெயில் ஆனான். அதை யாரும் சொல்வதில்லை.

அவளும் சொல்வதில்லை.

அவள் பி.எஸ்சி. முடித்தபோது தெருமுனையில் பேனர் வைத்தான். 'எங்கள் தெருவின் முதல் பட்டதாரி' என்று போட்டிருந்தது. அவள் முகத்தைவிட அவன் நண்பர்கள் ஆறு பேருடைய முகம் பெரிது. ஒரு மாதம் வேறு வழியாகச் சுற்றிப் போனாள்.

இரண்டாம் சுற்றுக்கு மெயில் வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் உட்கார்ந்தாக வேண்டும். இந்த நெட்டில் புதிய பதிப்பு ஏற ஒன்பது மணி நேரம் பிடித்தது. இன்று பழையதற்குப் போய்விட்டால், மெயில் வரும்போது அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

வராமலே போகலாம்.

மெயிலைத் திறந்தாள். இரண்டு விளம்பரம். மூடினாள்.

அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். போகிற போக்கில் திரையைப் பார்த்து நின்றான். முழுக்க இங்கிலீஷ்.

"இன்னிக்குத்தானே?" என்றான்.

தலையாட்டினாள்.

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒன்பது நாளாகப் பாடாதவன், உள்ளே போய் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினான்.

முதல் கட்டத்தில் டிக் போட்டாள். மென்பொருள்கள் வேலை செய்யவில்லை. மங்கிக் கிடந்த 'அடுத்து' பொத்தான் நீலமானது.

மவுஸை அதன் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

அண்ணனின் போன் அடித்தது. மேசை மேல், அவள் கைக்குப் பக்கத்தில். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

எடுத்தாள்.

மேட்டுத்தெரு பூங்காவனத்தின் மகன். விடியற்காலையில் அம்மா தவறிவிட்டாராம். மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். மதியத்துக்குள் அஞ்சலி பேனர் வேண்டுமாம். போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பியாயிற்றாம்.

"எங்கப்பாவுக்கும் ஒங்கண்ணன் அய்யனாருதாம்மா போட்டுக் குடுத்துச்சு. அம்மா அதப் பாத்துட்டு, எனக்கும் இந்தப் புள்ளையே போடட்டும்னு சொல்லி வச்சிருந்துச்சு."

அழுத்தினால் அரை மணி நேரத்தில் பழைய பதிப்பு வந்துவிடும். மதியத்துக்குள் தாராளமாக முடியும்.

விரல் மவுஸ் மேலேயே இருந்தது.

சிஸ்டம் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் அப்படித்தான் சொல்வான்.

"அண்ணன் அந்த வேலைய விட்டுட்டாருங்க" என்றாள். "வேற யார்கிட்டயாவது சொல்லிக்குங்க."

அந்தப் பக்கம் யாரோ ஒப்பாரி வைப்பது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். உள்ளே பாட்டு இல்லை. தண்ணீர் சத்தமும் இல்லை.

எப்போது நின்றது என்று தெரியவில்லை.