பழைய நடை வேண்டாம்

டாக்டர் ஜெஸிந்தா திரையில் இரண்டு முழங்கால்களைக் காட்டினார்.

"கிழிஞ்ச ஜவ்வுக்குப் பதிலா உங்க தொடையிலிருந்தே தசைநார் எடுத்து வைக்கலாம். பழைய நடை அப்படியே வந்துடும். இன்னொண்ணு, இறந்தவங்க தானமா கொடுத்தது. பலம் கம்மி. நடையும் மாறிடும்."

"இறந்தவங்களோடதே வைங்க," என்றாள் தமயந்தி.

"சின்ன வயசு உங்களுக்கு. யாரும் அதைக் கேட்க மாட்டாங்க."

தமயந்தி ஜன்னலைப் பார்த்தாள். எதிர் விளக்குக் கம்பத்தில், நடையை வைத்தே ஆளை அடையாளம் சொல்லும் கேமரா மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. எந்த ஊரிலும் அது இல்லாத தெரு கிடையாது.

"என் வீட்டுக்காரர் அந்த கேமரா கம்பெனியிலதான் இருக்கார். நான் எந்த ஊருக்குப் போனாலும் வாசல்ல வந்து நின்னார். கடைசியா அவர்கிட்டேர்ந்து தப்பிக்க மாடியிலிருந்து குதிச்சப்போதான் இது கிழிஞ்சது. நொண்ட ஆரம்பிச்சதுலேர்ந்து அவரால கண்டுபிடிக்க முடியலை. ஆனா இந்தக் காலோட வேலைக்கு நிற்க முடியலை டாக்டர்."

ஜெஸிந்தா எழுந்து போய் ஜன்னல் கர்ட்டனை இழுத்து மூடினார்.

"சரி, தானமா வந்ததையே வைக்கிறேன். ஆனா ஓடக் கூடாது. ஓடினா அறுந்துடும்."

"இனிமே ஓடாம இருக்கத்தானே கேட்கிறேன்."