முன் சீட்டு

"உள்ள வர வேணாம்பா. வண்டியிலயே உக்காந்திருங்க."

தேன்மொழி இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். ஐயாசாமி தலையை ஆட்டினார். இது மூன்றாவது தடவை. முதல் தடவை வலித்தது, இப்போது பழகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய்தான்.

"உன் மைவி கார்ல போலாமேம்மா?"

"பார்க்கிங் கிடைக்காதுப்பா. உங்க வண்டின்னா யாரும் சமன் வைக்க மாட்டாங்க."

அது உண்மை. சவ வண்டிக்கு யார் சமன் எழுதி அபராதம் போடுவார்கள்? பத்து பாகாட் ஊரில் தமிழர் வீட்டில் எந்தச் சாவு என்றாலும் இந்த வெள்ளை வேன்தான். இருபத்தாறு வருஷமாக ஐயாசாமிதான் ஓட்டுகிறார். ஒரு நாள்கூட எந்தத் துக்க வீட்டையும் காக்க வைத்ததில்லை. ஆனால் கல்யாணத்துக்கு அழைக்க மறக்கிற ஊர், சாவு விழுந்தால் மட்டும் மறக்காமல் அவருக்குப் போன் போடும்.

மகள் துணி பேக்டரியில் சூப்பர்வைசர். மாப்பிள்ளை தேடிய தரகரிடம் அவர், "நான் டிரான்ஸ்போர்ட் லைன்" என்றுதான் சொல்லி வைத்தார். என்ன டிரான்ஸ்போர்ட் என்று தெரிந்ததும் இரண்டு வீட்டார் வாட்ஸ்ஆப்பிலேயே கழன்றுகொண்டார்கள்.

"இனிமே நானே பாத்துக்கறேன்பா" என்று தேன்மொழி போனில் ஏதோ ஓர் ஆப்பை இறக்கினாள். மனசுக்குப் பிடித்த மாதிரி பேசுகிற பையனைப் பட்டப்பகலில் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொல்வாள். முன்பின் தெரியாதவன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம் என்று அப்பாவையும் இழுத்துக்கொண்டு போவாள். ஆனால் அப்பா கடைக்குள் மட்டும் வரக்கூடாது. எதிரே மரத்தடியில் வண்டியோடு இருக்க வேண்டும்.

முதல் பையன் வண்டிப் பக்கம் வந்து காரை மெதுவாக்கினான். எட்டிப் பார்த்தான். அப்படியே பறந்துவிட்டான். அடுத்தவன் நடந்தே வந்தான், வண்டியைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டான். இரண்டு தடவையும் தேன்மொழி ஒரு மணி நேரம் கழித்துத் தனியாக வந்து, "வரலப்பா. இந்தாங்க, சாப்பிடுங்க" என்று பிரியாணிப் பொட்டலத்தை நீட்டினாள். அந்தப் பொட்டலத்தை அவர் பிரிக்கவே இல்லை. பெற்ற மகள் வாழ்க்கைக்குத் தானே குறுக்கே நிற்கிறோம் என்று தோன்றியது.

அதனால் இன்றைக்கு ஐயாசாமி ஒரு முடிவோடு வந்திருந்தார். அவள் கடைக்குள் போனதும் வண்டியை எடுத்தார். மூன்று தெரு தள்ளி, மார்க்கெட்டுக்குப் பின்னால், காலி மீன் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். போனைச் சத்தம் அடக்கி டேஷ்போர்டுக்குள் போட்டார்.

'இந்தப் பையனாவது உள்ள போகட்டும் சாமி' என்று வேண்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

வெளியே ஓர் இளைஞன். சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. கையில் இரண்டு பாக்கெட் தே ஓ ஐஸ், பால் சேர்க்காத ஐஸ் டீ. ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது.

"ஐயாசாமி அங்கிள்தானே? நான் ரூபேந்திரன். கோத்தா திங்கியிலேருந்து வர்றேன். தேன்மொழிய பாக்க."

ஐயாசாமி சீட்டில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தார். இங்கேயும் வந்து பார்த்துவிட்டானே.

"தேன்மொழியா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாது தம்பி. நான் சும்மா வண்டி ஓட்டறவன்."

சொல்லும்போதே நாக்கு கசந்தது.

ரூபேந்திரன் சிரித்துவிட்டான். "அலமாக், என்னா அங்கிள் நீங்க. போட்டோவுல ரெண்டு பேரும் இந்த வண்டி முன்னாலதான நிக்கிறீங்க."

"எந்தப் போட்டோ?"

அவன் போனைக் காட்டினான். அந்த ஆப்பில் தேன்மொழியின் முதல் படம். தீபாவளிக்கு முதல் நாள் வண்டியைக் கழுவிப் பளபளவென்று நிறுத்தியபோது எடுத்தது. வெள்ளைச் சட்டையில் அவர், அவர் தோளில் கை போட்டபடி அவள். கீழே எழுதியிருந்தது: 'எங்கப்பா. இந்த ஊர் ஜனங்கள மரியாதையோட வழியனுப்பி வைக்கிறவர்.'

ஐயாசாமி இரண்டு தடவை படித்தார். எழுத்து மங்கியது. கூனியிருந்த முதுகு தானாக நிமிர்ந்தது.

"மரத்தடியில இருப்பீங்கன்னு சொன்னாங்க. வந்து பாத்தா வண்டியக் காணோம். அவங்க கால் பண்ணுனா நீங்க எடுக்கல. மூணு ரவுண்டு சுத்திட்டேன் அங்கிள்."

"எதுக்கு தம்பி இந்த வெயில்ல? நேரா கடைக்குள்ள போயிருக்கலாம்லா. அவ அங்கதான இருக்கா."

"போனேன். உக்காரவே விடல."

ரூபேந்திரன் சுற்றி வந்து கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறினான். ஒரு பாக்கெட்டை அவரிடம் நீட்டினான்.

"யாரு வந்தாலும் இதே கண்டிஷன்தானாம் அங்கிள். 'முதல்ல எங்கப்பா வண்டியில, அவர் பக்கத்துல, முன் சீட்டுல உக்காந்து கடை வாசல்ல வந்து இறங்குங்க. அவர உள்ள கூட்டிகிட்டு வாங்க. அப்புறம்தான் என் எதிர்ல உக்காரலாம்'னு சொல்லிட்டாங்க."